அடுத்த கன்சோலுக்குள் என்ன இருக்கும்? வதந்தியைக் கணக்குப் போட்டுச் சோதிக்கும் முறை

"பிளேஸ்டேஷன் 6 வருதாம், 32 ஜிபி மெமரியாம், இப்ப இருக்கிறதைவிட பத்து மடங்கு வேகமாம்" என்று ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால் போதும், கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் கேம் விளையாடுகிற பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கிளம்பும்: வெளிநாட்டுச் சபர் போயிருக்கும் மச்சானிடம் சொல்லி இப்போதே பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வாங்கிவிடலாமா, இல்லை புதுசு வரட்டும் என்று பொறுக்கலாமா? அதற்குப் பதில் தேடும் முன்னால், இன்னும் வராத ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று ஆட்கள் எப்படிக் கணிக்கிறார்கள், அதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், பாதி வதந்தியை நீங்களே ஓரங்கட்டிவிடலாம்.

டிவியோடு இணைத்து கேம் விளையாடுகிற கன்சோலும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் கம்ப்யூட்டர் மாதிரி ஆளுக்கொரு விதமாகப் பாகங்களை மாற்றிக்கொள்ள முடியாது. ஒரே வடிவமைப்பை லட்சக்கணக்கில் செய்து, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய ஒரு விலையில், ஏழெட்டு வருஷம் விற்றாக வேண்டும். அதனால் வடிவமைக்கிறவருக்கு நாலு கட்டுப்பாடு இருக்கிறது. விலை ஓர் அளவைத் தாண்டக் கூடாது, மின்சாரம் அளவுக்கு மேல் இழுத்துச் சூடேறக் கூடாது, உள்ளே இருக்கும் சில்லின் (சிப்பின்) பரப்பு பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே மக்கள் வாங்கி வைத்திருக்கும் கேம்கள் புதிய பெட்டியிலும் ஓட வேண்டும். உருப்படியாகக் கணிக்கிறவர்கள் இந்த நாலுக்குள் என்ன அடங்கும் என்றுதான் பார்ப்பார்கள். மற்றவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதிவிடுகிறார்கள், அதுதான் நம் குழுக்களில் அதிகம் சுற்றுகிறது.

வதந்திகளில் அதிகம் அடிபடும் சொல் டெராஃப்ளாப். 1 டெராஃப்ளாப் என்றால் வினாடிக்கு 1 லட்சம் கோடி தசமப்புள்ளிக் கணக்கு போடும் வேகம். பிளேஸ்டேஷன் செய்யும் சோனி, எக்ஸ்பாக்ஸ் செய்யும் மைக்ரோசாஃப்ட் இரண்டுமே 2013-இல் வந்த பெட்டிகளிலிருந்து ஏஎம்டி நிறுவனத்தின் ஜிபியுவையே, அதாவது படம் வரையும் சில்லையே, வைத்துக்கொண்டு வருவதால் இதைக் கையாலேயே கணக்கிடலாம். ஜிபியுவுக்குள் கம்ப்யூட் யூனிட் என்று தொகுதி தொகுதியாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் 64 கணக்குப் பொறிகள். ஒவ்வொரு பொறியும், சில்லுக்குத் தாளம் போடும் உள்கடிகாரத்தின் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்கு முடிக்கும். ஆக, யூனிட்டின் எண்ணிக்கையை 64-ஆல் பெருக்கி, பிறகு 2-ஆல் பெருக்கி, கடைசியில் கடிகார வேகத்தால் பெருக்கினால் விடை. பிஎஸ்5-இல் 36 யூனிட், வேகம் அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ். 36-ஐ 64-ஆல் பெருக்கினால் 2,304, இரட்டித்தால் 4,608, அதை 2.23-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10,276, அதாவது 10.28 டெராஃப்ளாப். சோனி அறிவித்ததும் அதே எண்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பெட்டியில் 52 யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ். போட்டுப் பாருங்கள், 12.15 வரும்.

இந்தச் சூத்திரம் தெரிந்திருந்தால் பிஎஸ்5 வருவதற்கு முன் நடந்த பெரிய சண்டையை நிதானமாகப் பார்த்திருக்கலாம். ஏஎம்டியின் சோதனைக் கோப்புகள் சில, புரோகிராம் எழுதுகிறவர்கள் கோப்புகளைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் வெளியே கசிந்திருந்தன. அதில் 36 யூனிட், 2 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. கணக்குப் போட்டால் 9.2 டெராஃப்ளாப். 12, 13 என்று எதிர்பார்த்திருந்த ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை, பொய் என்று ஒதுக்கினார்கள். ஆனால் நாலாவது கட்டுப்பாட்டை, அதாவது பழைய கேம் ஓட வேண்டும் என்பதை, யோசித்திருந்தால் அந்த 36 தற்செயலாக வந்த எண் இல்லை என்று பிடிபட்டிருக்கும். பிஎஸ்4-இல் 18 யூனிட், 2016-இல் வந்த பிஎஸ்4 ப்ரோவில் அதன் இரட்டிப்பாக 36. பழைய கேமுக்குப் பழகிய அமைப்பு அப்படியே இருந்தால் புதிய பெட்டியில் அதை ஓட்டுவது சுலபம். 2020 மார்ச் 18 அன்று சோனியின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி விளக்க உரை கொடுத்தபோது யூனிட் 36 என்றே சொன்னார். மாறியது கடிகார வேகம் மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, எது கடைசி வரை மாறும், எது மாறாது என்பது. யூனிட்டின் எண்ணிக்கை சிலிக்கானில் பொறிக்கப்படுவது, பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். கடிகார வேகத்தையோ கடைக்கு வரும் சில மாதத்துக்கு முன்புகூட ஏற்ற முடியும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கடைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால் அதன் ஜிபியு வேகத்தை 800-லிருந்து 853 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினார்கள். அதனால் "இத்தனை யூனிட்" என்று ஒரு தகவல் வந்தால் கொஞ்சம் மதிக்கலாம், "சரியாக இத்தனை டெராஃப்ளாப்" என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவர் அடித்துச் சொன்னால் அவரிடம் கடிகார வேகம் எங்கே கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, டெராஃப்ளாப் எண்ணை வைத்து மட்டும் எந்தப் பெட்டி உசத்தி என்று சொல்லிவிட முடியாது. பாம்பனில் விசைப்படகு வாங்குகிறவர் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. படகின் உடல், ப்ரொப்பெல்லர், இழுக்கப்போகும் மடி வலையின் பாரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பேசி முடிப்பார். 12.15-க்கும் 10.28-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டு பெட்டிக்கும் வந்த பல கேம்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடின, சில கேம்கள் பிஎஸ்5-இல் கொஞ்சம் நன்றாகவே ஓடின.

தலைமுறை மாறும்போது எண்ணும் ஏமாற்றும். 2024-இல் பிஎஸ்5 ப்ரோ வருவதற்கு முன் 33.5 டெராஃப்ளாப் என்று கசிந்தது, ஆஹா மூன்று மடங்கு என்று எல்லாரும் கொண்டாடினார்கள். புதிய வகை ஜிபியுவில் ஒரே துடிப்பில் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு கணக்கு போடும் வசதி ஒன்று உண்டு, அதையும் சேர்த்து எண்ணினால்தான் அந்த எண் வரும். பழைய முறையில் எண்ணினால் 60 யூனிட்டுக்கு 16.7. சோனி உறுதி செய்ததும் 16.7-தான். கேம் வரையும் வேகம் 45 சதவீதம் வரை கூடும் என்றுதான் அவர்களே சொன்னார்கள். ஆகவே இரண்டு தலைமுறையின் டெராஃப்ளாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒப்பிட்டால், இரண்டையும் ஒரே முறையில்தான் எண்ணினாரா என்று முதலில் பாருங்கள்.

சரி, இனி மெமரி. என்னைக் கேட்டால் கணிப்பில் ரொம்ப நேர்மையான பகுதி இதுதான், ஏனென்றால் மெமரி சில்லுகளைக் கன்சோல் கம்பெனி செய்வதில்லை, சந்தையில் இருப்பதைத்தான் வாங்கியாக வேண்டும், சந்தையில் என்ன அளவு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கன்சோலில் வைக்கும் ஜிடிடிஆர் வகைச் சில்லு ஒவ்வொன்றும் 32 தடங்களில் தகவல் அனுப்பும். பிஎஸ்5-இன் ஜிடிடிஆர்6 சில்லில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 14 கிகாபிட். 14-ஐ 32-ஆல் பெருக்கி, பிட்டை பைட் ஆக்க 8-ஆல் வகுத்தால் 56. அதாவது ஒரு சில்லு வினாடிக்கு 56 ஜிபி கொடுக்கும். பிஎஸ்5-இல் 2 ஜிபி சில்லு எட்டு இருக்கிறது. அளவு 16 ஜிபி, வேகம் எட்டு 56 ஆக 448 ஜிபி. தடங்கள் மொத்தம் 256. "256 பிட் பஸ்" என்று வதந்திகளில் வருவது இந்த 256-தான்.

சீரிஸ் எக்ஸ் பெட்டியில் அதே வேகத்துச் சில்லு பத்து. பத்து 56 ஆக 560. ஆனால் பத்திலும் 2 ஜிபி வைத்தால் 20 ஜிபி ஆகிச் செலவு ஏறும் என்பதால் ஆறு சில்லு 2 ஜிபி, நாலு சில்லு 1 ஜிபி என்று கலந்து 16-க்குக் கொண்டுவந்தார்கள். பத்துச் சில்லிலும் தலா 1 ஜிபி சேர்ந்த முதல் 10 ஜிபிக்கு முழு வேகம் 560. மிச்சம் 6 ஜிபி ஆறு சில்லில் மட்டும் இருப்பதால் ஆறு 56 ஆக 336. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விவரத்தில் 10 ஜிபிக்கு ஒரு வேகம், 6 ஜிபிக்கு ஒரு வேகம் என்று வினோதமாகப் பிரித்துப் போட்டிருந்ததே, அதன் காரணம் இந்தச் சின்னப் பெருக்கல்தான்.

இப்போது உங்கள் கையில் ஒரு சோதனை இருக்கிறது. "அடுத்த பெட்டியில் 256 பிட் பஸ், 20 ஜிபி, எல்லாம் ஒரே வேகம்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். 256-ஐ 32-ஆல் வகுத்தால் எட்டுச் சில்லு. புதிய ஜிடிடிஆர்7 வகையில் 2 ஜிபி, 3 ஜிபி சில்லுகள் விற்கின்றன. எட்டும் 2 என்றால் 16, எட்டும் 3 என்றால் 24. நாலை 2 ஆகவும் நாலை 3 ஆகவும் வைத்தால் 20 வரும்தான், ஆனால் அப்போது வேகம் இரண்டாகப் பிரிந்துவிடும். எழுதியவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு விலக்கு உண்டு: ஒரே தடத்தொகுதியில் பலகையின் முன்னும் பின்னுமாக இரண்டு சில்லு வைத்து அளவை இரட்டிக்கலாம். பிஎஸ்4-இல் அதைத்தான் செய்தார்கள், அரை ஜிபி சில்லு பதினாறு. 2013 பிப்ரவரியில் பிஎஸ்4-ஐ அறிவிக்கும் வரை வதந்திகள் 4 ஜிபி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. சரியான சமயத்தில் அரை ஜிபி சில்லுகள் கிடைக்க ஆரம்பித்ததால் 8 ஆனது. ஆக, பெரிய சில்லு சந்தைக்கு எப்போது வருகிறது என்பதுகூட ஒரு துப்புதான்.

அடுத்து சூடு. நம் கடற்கரையில் இருக்கிறவர்கள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், சீரிஸ் எக்ஸும் அந்தப் பக்கம்தான். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும், ஒரு டிவி மேசைக்கு அடியில் வைக்கிற பெட்டியிலிருந்து இதற்கு மேல் வெப்பத்தைச் சத்தமில்லாமல் வெளியேற்றுவது கஷ்டம். "அடுத்த கன்சோல் ஆர்டிஎக்ஸ் 5090-க்குச் சமம்" என்று யாராவது சொன்னால், அந்த கிராஃபிக்ஸ் கார்டு தனியாகவே 575 வாட் இழுக்கிறது, அறிமுக விலையே 1,999 டாலர் என்ற இரண்டு எண்ணும் போதும். இதோடு அறை வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5-இன் கையேட்டில் 5-லிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. கத்திரி வெயிலில் மண்டபத்திலோ ஏர்வாடியிலோ ஓட்டுக்கூரை வீட்டின் மத்தியான அறை 35-ஐத் தாண்டிவிடக்கூடும். கூடவே உப்புக்காற்று, ஜன்னல் ஓரம் வைத்த எந்த மின்சாதனத்தின் உலோகப் பகுதியும் சீக்கிரம் பூத்துப்போகிற ஊர் நம்முடையது. அதனால் கசியும் விவரத்தில் வாட் எண் இருந்தால் நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

விலைக்கு வருவோம். பிஎஸ்4-இன் முக்கியச் சில்லு சுமார் 348 சதுர மில்லிமீட்டர், பிஎஸ்5-உடையது சுமார் 308, சீரிஸ் எக்ஸுடையது 360. பார்த்தீர்களா, தலைமுறை மாறினாலும் பரப்பு கிட்டத்தட்ட ஒரே வட்டத்துக்குள்தான். சில்லு பெரிதானால், சில்லுகளைப் பொறிக்கும் ஒரு வட்டச் சிலிக்கான் தகட்டில் வெட்டி எடுக்கும் எண்ணிக்கை குறையும், பழுதாவது கூடும், செலவு எகிறும். முன்பெல்லாம் தொழில்நுட்பம் நுணுக நுணுகச் சில்லு சிறிதாகி விலையும் இறங்கும். 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2 ஒன்பது வருஷத்தில் 99 டாலருக்கு வந்தது. இப்போது அந்த வழக்கம் போய்விட்டது. நுணுக்கமான தகடு ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை கூடிக்கொண்டே போகிறது. பிஎஸ்5 அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்து, 2025 ஆகஸ்டில் 549 ஆனது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய், அடுத்த வருஷமே 54,990. போதாக்குறைக்கு 2025-இன் கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. 32 ஜிபி வரும், விலை மட்டும் பழையபடியே இருக்கும் என்று சொல்கிற படத்தை அப்படியே அழித்துவிடலாம்.

கசிவில் நம்பத்தகுந்தது எங்கிருந்து வருகிறது என்பதற்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 நல்ல உதாரணம். 2022-இன் தொடக்கத்தில் அதற்குச் சில்லு செய்யும் என்விடியா நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து கோப்புகளைத் திருடினார்கள். அதற்குள் ஒரு புதிய சில்லைப் பற்றியும் 1,536 கணக்குப் பொறிகளைப் பற்றியும் குறிப்பு இருந்தது. பிறகு 2024-இல் சரக்கு அனுப்பும் ஆவணங்களில் 6 ஜிபி மெமரி இரண்டு என்று பதிவானதை ஆட்கள் தேடிப் பிடித்தார்கள். 2025 ஜூன் 5 அன்று பெட்டி வந்தபோது 1,536-உம் சரி, 12 ஜிபியும் சரி. திருட்டுக் கோப்பை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இப்படிக் கோப்பும் சரக்குச் சீட்டும் சொல்வதற்கும் "எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கேயும் கடிகார வேகம்தான் கடைசி வரை புதிராக இருந்தது.

உண்மையான தகவலே தவறாக வழிகாட்டுவதும் உண்டு. கேம் செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் சோதனைப் பெட்டியில் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸின் சோதனைப் பெட்டியில் 24 ஜிபி, 44 யூனிட். கடைக்கு வந்ததில் 12 ஜிபி, 40 யூனிட். அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்த ஒருவர் நேர்மையாக 24 என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைப்பது 12-தான். காப்புரிமைப் படங்களும் அப்படியே, 2019-இல் வெளிவந்த வி வடிவப் பெட்டியைப் பார்த்து இதுதான் பிஎஸ்5 என்று பலர் நம்பினார்கள், அது சோதனைப் பெட்டி.

அப்படியானால் அடுத்ததைப் பற்றிக் கம்பெனிகளே சொன்னது என்ன? 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கும் ஏஎம்டியோடு சேர்ந்து சில்லு செய்வதாக அறிவித்தது. அதே வருஷம் அக்டோபரில் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் ஒரு காணொளியில் மூன்று விஷயங்களைப் பேசினார்கள்: சிறிய படத்தை இயந்திரக் கற்றலால் பெரிய, தெளிவான படமாக்கும் வேலைக்காகக் கம்ப்யூட் யூனிட்டுகளைக் கூட்டாக இயங்கவைப்பது, ஒளி தெறிக்கும் பாதையைக் கணக்கிடத் தனிப் பகுதி வைப்பது, மெமரிக்குப் போகும் தகவல் எல்லாவற்றையும் சுருக்கி அனுப்புவது. இப்போதைக்கு இவை கணினி மாதிரியில்தான் இருக்கின்றன, சில வருஷத்தில் ஒரு கன்சோலில் கொண்டுவர ஆசை என்றார் செர்னி. யூனிட், ஜிபி, விலை என்று ஓர் எண்கூட அதில் இல்லை.

ஆனாலும் அந்த மூன்றும் எந்தப் பக்கம் கை காட்டுகின்றன என்று பாருங்கள். மூன்றுமே குறைந்த வன்பொருளில் அதிக வேலை வாங்கும் வழி. என் கணிப்பு இதுதான்: டெராஃப்ளாப் எண் ரசிகர்கள் ஆசைப்படும் அளவுக்கு எகிறாது. மெமரித் தடங்கள் 256-ஐவிட அதிகமாகாது, குறையவும் வாய்ப்பு இருக்கிறது. ஜிடிடிஆர்7 சில்லு ஒன்று 28 கிகாபிட்டில் ஓடினாலே 112 ஜிபி கொடுக்கும், பிஎஸ்5 சில்லின் 56-க்குச் சரியாக இரட்டிப்பு, அப்படியிருக்கச் சில்லின் ஓரத்தில் விலை உயர்ந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் தடங்களை எதற்குக் கூட்ட வேண்டும்? அளவு 24 ஜிபியை ஒட்டி இருக்கும் என்பேன், மெமரி விலை இறங்கினால் 30 பக்கம் போகலாம். வாட் எண் இப்போதைய அளவைத்தான் ஒட்டி நிற்கும்.

வாங்குவதா பொறுப்பதா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். புதிய பெட்டி வந்தாலும் முதல் இரண்டு மூன்று வருஷம் பெரும்பாலான கேம்கள் பழைய பெட்டிக்கும் சேர்த்துத்தான் வரும், பிஎஸ்4-லிருந்து 5-க்கு மாறியபோதும் அப்படித்தான் நடந்தது. அறிமுகமான நாளிலேயே நம் ஊருக்கு வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பிஎஸ்5 மற்ற நாடுகளில் 2020 நவம்பரில் வந்தது, இந்தியாவுக்கு மூன்று மாதம் கழித்து. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் வெளியானபோது இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை, அதிலிருந்த வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை. விவரப் பட்டியலில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி நம் நாட்டுக்கே கதவைச் சாத்தியது. ஆகவே கையில் கன்சோலே இல்லாதவர் இப்போது பிஎஸ்5 வாங்கிக்கொள்ளலாம், பிஎஸ்5 இருக்கிறவர் தாராளமாகப் பொறுக்கலாம். துபாயிலிருந்து வரவழைக்கிறவர்கள் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று கடையில் மச்சானை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், பிஎஸ்5 நம் ஊர் வோல்டேஜிலும் ஓடும். அங்கத்திய மூன்று முள் பிளக் மட்டும் நம் சுவரில் நுழையாது, ரேடியோ பெட்டிக்குப் போடுகிற எட்டு வடிவ வயர் ராமநாதபுரம் கடைகளில் கிடைக்கும், தரமானதாகப் பார்த்து வாங்கிச் சொருகிக்கொள்ளலாம்.